படம் நான்கு நிமிடம் ஓடி நிற்கிறதா? மல்டிகாஸ்ட் கோளாறுகளை அறிகுறி பார்த்துப் பிடிக்கும் வழி

கம்பத்தில் இருந்துகொண்டு, குமுளி, தேக்கடிப் பக்கத்து விடுதிகளுக்கும் ரிசார்ட்டுகளுக்கும் நெட்வொர்க் வேலை பார்த்துக் கொடுக்கிறேன். அறைக்கு அறை கேபிள் வயர் இழுத்த காலம் போய், டிவி சேனல்களையும் நெட்வொர்க் வயரிலேயே மல்டிகாஸ்ட்டாக (ஒரே ஸ்ட்ரீமைக் கேட்பவர் எல்லோருக்கும் சேர்த்து ஒரே முறை விடுவது) அனுப்பும் இடங்கள் மலையில் கூடிவிட்டன. கேமராக்களும் அதே வயரில்தான் போகின்றன. விடுமுறைக் காலத்தில் மேலேயிருந்து "டிவி போயி சேட்டா" என்று போன் வராத வாரம் கிடையாது. பல வருடம் பார்த்ததில் ஒன்று தெரிகிறது: கோளாறுகள் எட்டு ஒன்பது வகைதான், அவையே திரும்பத் திரும்ப வருகின்றன. அதனால் அவற்றை அறிகுறி வாரியாக எழுதி வைக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு வைக்கும் காரணம் கடைசியில் வரும்.

உதாரணங்களுக்கு ஒரு விடுதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மேட்டில் பெரிய கட்டிடம், அதில் ஹெட்எண்ட் (டிஷ்ஷிலிருந்து சேனல்களை வாங்கி நெட்வொர்க்கில் ஸ்ட்ரீமாக விடும் பெட்டி), அதன் முகவரி 10.20.0.10. சரிவில் கீழே இரண்டு காட்டேஜ் பிளாக், ஒவ்வொன்றிலும் ஒரு ரூட்டர், அல்லது ரூட்டர் வேலையும் செய்யும் லேயர் 3 சுவிட்ச். நடுவில் ஃபைபர், அது அறுந்தால் உதவ ஒரு ரேடியோ இணைப்பு. மலையில் பெரும்பாலான இடங்கள் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கின்றன.

முதலில் ஒரு வேண்டுகோள். எதையும் பார்ப்பதற்கு முன் ரீபூட் செய்யாதீர்கள். மல்டிகாஸ்ட் கோளாறுகளில் பாதி, ரீபூட் செய்தவுடன் சரியானது போலத் தெரிந்து, சற்று நேரத்தில் திரும்பி வருபவை. ரீபூட் செய்தால் கோளாறின் தடயம் மட்டும்தான் அழியும்.

மலை ஏறும்போது கையில் இருக்க வேண்டியவை

விஎல்சியும் (ஸ்ட்ரீமை ஓட்டிப் பார்க்க) வயர்ஷார்க்கும் (வயரில் போகும் பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்க்க) உள்ள லேப்டாப் ஒன்று. சோதிக்கும்போது அதன் வைஃபையை அணைத்துவிடுங்கள். வயரும் வைஃபையும் சேர்ந்து இருந்தால், லேப்டாப் வைஃபை பக்கம் போய் ஸ்ட்ரீமைக் கேட்டுக்கொண்டிருக்கும். நீங்கள் வயரில் கோளாறு தேடிக்கொண்டிருப்பீர்கள். விஎல்சியில் யுடிபி முகவரி கொடுக்கும்போது எண்ணுக்கு முன்னால் @ குறி வேண்டும், போர்ட் எண்ணும் சரியாக இருக்க வேண்டும். இரண்டு நல்ல பேட்ச் கார்டு, ஃபைபர் முனை துடைக்கும் பேனா, முடிந்தால் பவர் மீட்டர். இவற்றோடு, எந்தச் சேனல் எந்த முகவரி என்று எழுதிய ஒரு தாள். அந்தத் தாள் இல்லாத இடத்தில் முதல் வேலையாக அதைத்தான் எழுதுவேன்.

அறிகுறி 1: எந்த டிவியிலும் எதுவும் வரவில்லை

லேப்டாப்பை ஹெட்எண்ட் செருகியிருக்கும் அதே சுவிட்சில், அதே விலானில் (சுவிட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) செருகி ஒரு சேனலைத் திறந்து பாருங்கள்.

*அங்கேயே வரவில்லை என்றால்* ரூட்டரைத் தொட வேண்டாம். ஹெட்எண்டில் மின்சாரம் உண்டா, மழையில் டிஷ் சிக்னல் போயிருக்கிறதா, ஹெட்எண்டின் இரண்டு நெட்வொர்க் போர்ட்டில் ஸ்ட்ரீம் வெளிவரும் போர்ட்டில்தான் வயர் இருக்கிறதா என்று பாருங்கள். நிர்வாகப் போர்ட்டும் ஸ்ட்ரீம் போர்ட்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். துடைத்துச் சுத்தம் செய்த கை மாற்றிச் செருகிவிடும். இவை எல்லாம் சரியாக இருந்தும் வெளிவரவில்லை என்றால் ஹெட்எண்ட் விற்றவரை அழைக்க வேண்டியதுதான்.

*அங்கே வருகிறது என்றால்* அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி 2: பெரிய கட்டிடத்தில் வருகிறது, ரூட்டர் தாண்டினால் வரவில்லை

அதிகம் தலைவலி தருவது இதுதான். வரிசை மாறாமல் பார்த்தால் அரை மணி நேரத்தில் பிடிபடும்.

முதலில் டிடிஎல், அதாவது ஒவ்வொரு ரூட்டரிலும் ஒன்று குறையும் பாக்கெட்டின் ஆயுள் எண். ஹெட்எண்ட் பக்கத்தில் வயர்ஷார்க்கில் ஒரு பாக்கெட்டைத் திறந்து பாருங்கள். டிடிஎல் 1 என்று இருந்தால் முதல் ரூட்டரிலேயே அது செத்துவிடும். பல என்கோடர்களும் சோதனை மென்பொருள்களும் 1 என்றுதான் ஆரம்பிக்கின்றன. ஹெட்எண்ட் அமைப்பில் 16 என்று மாற்றினால் போதும். கூடவே முகவரியையும் பாருங்கள். 224.0.0 என்று ஆரம்பிக்கும் முகவரியை, டிடிஎல் எவ்வளவு வைத்தாலும் எந்த ரூட்டரும் கடத்தாது. அவை ரூட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒதுக்கியவை. உள் நெட்வொர்க்குக்கு 239-இல் ஆரம்பிப்பவைதான் சரி.

அடுத்து பிம், அதாவது மல்டிகாஸ்ட்டை எந்தப் பக்கம் அனுப்புவது என்று ரூட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் முறை. சிஸ்கோ வகைப் பெட்டிகளில் மல்டிகாஸ்ட் ரூட்டிங் தானாக ஓடாது. பெட்டி முழுவதற்கும் சேர்த்து ஒரு முறை அதை இயக்க வேண்டும், பிறகு ஒவ்வொரு இன்டர்ஃபேஸிலும் பிம் ஸ்பார்ஸ் மோடு தனியாகப் போட வேண்டும். ரூட்டர்களுக்கு நடுவே உள்ள இணைப்புகளில் போட்டுவிட்டு, ஹெட்எண்ட் இருக்கும் விலானையும் டிவி இருக்கும் விலானையும் மறந்துவிடுவார்கள். அந்த இரண்டிலும் கட்டாயம் வேண்டும். 'ஷோ ஐபி பிம் நெய்பர்' அடித்தால் பக்கத்து ரூட்டர் தெரிய வேண்டும். நான் இருக்கிறேன் என்று சொல்லும் ஹலோ 30 நொடிக்கு ஒன்று போகும். 105 நொடி வரவில்லை என்றால் அந்த நெய்பரை விட்டுவிடும். பட்டியலில் வந்து வந்து போகிறது என்றால் இணைப்பே ஆடுகிறது, அறிகுறி 6-க்குப் போங்கள்.

இப்போது டிவி பக்கத்து ரூட்டரில் 'ஷோ ஐபி ஐஜிஎம்பி குரூப்ஸ்' பாருங்கள். ஐஜிஎம்பி என்பது "இந்தச் சேனல் வேண்டும்" என்று டிவி கேட்கும் மொழி. ஒரு டிவியில் சேனலைப் போட்டுவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

*அந்தச் சேனலின் முகவரி பட்டியலில் இல்லை என்றால்* டிவி கேட்டது ரூட்டரின் காதுக்கே போகவில்லை. டிவியின் போர்ட் வேறு விலானில் இருக்கலாம். நடுவில் உள்ள சுவிட்ச் ஐஜிஎம்பி பதிப்பு 2 மட்டும் அறிந்த பழைய சுவிட்சாக இருந்து, டிவி பாக்ஸ் பதிப்பு 3-இல் பேசிக்கொண்டிருக்கலாம். அப்படியென்றால் ரூட்டரைப் பதிப்பு 2-இல் வையுங்கள். பாக்ஸ்களும் இறங்கிவந்து 2-இல் பேசும். ஃபயர்வாலில் உள்ளே வருவதை அடைக்கும் விதி இருந்தால், அது ஐஜிஎம்பியையும் பிம்மையும் சேர்த்து அடைத்திருக்கலாம். புரோட்டோகால் எண் 2, 103 இரண்டையும் அனுமதியுங்கள். மைக்ரோடிக் கம்பெனிப் பெட்டியில் கடைசி விதி எல்லாவற்றையும் தள்ளுவதாக இருக்கும் இடங்களில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

*முகவரி பட்டியலில் இருக்கிறது, படம்தான் இல்லை என்றால்* கோளாறு ரூட்டர்களுக்கு நடுவில். 'ஷோ ஐபி எம்ரூட்' பாருங்கள். ஸ்டார் ஜி வரி (சேனலைக் கேட்பவர் உண்டு என்ற குறிப்பு) மட்டும் இருந்து எஸ் ஜி வரி (இந்த முகவரியிலிருந்து ஸ்ட்ரீம் வருகிறது என்ற குறிப்பு) வரவில்லை என்றால், ஸ்ட்ரீமும் கேட்பவரும் சந்திக்கும் ரூட்டரான ஆர்பியைச் சந்தேகியுங்கள். எல்லா ரூட்டரிலும் ஒரே ஆர்பி முகவரிதானா? ஒரு எழுத்து பிசகினாலும் அந்தப் பிளாக் மட்டும் இருண்டுவிடும். ஆர்பிக்கு லூப்பேக் (வயர் இல்லாமல் ரூட்டருக்குள்ளேயே இருக்கும் இன்டர்ஃபேஸ்) முகவரி கொடுத்திருந்தால் அந்த லூப்பேக்கிலும் பிம் வேண்டும், அந்த முகவரிக்கு எல்லா ரூட்டரிலிருந்தும் பிங் போக வேண்டும். நம் அளவு நெட்வொர்க்குக்கு ஆர்பியைத் தானாகத் தேடும் முறைகள் தேவையில்லை. ஹெட்எண்டுக்கு நேர் பக்கத்து ரூட்டரையே ஆர்பியாக்கி, எல்லாவற்றிலும் கையால் எழுதிவிடுங்கள். ஸ்ட்ரீம் பிறக்கும் இடமும் கேட்பவர் வந்து விசாரிக்கும் இடமும் ஒன்றாகிவிடும். பாதிக் குழப்பம் அதிலேயே ஒழியும்.

ஆர்பியும் சரி என்றால் மிச்சம் இருப்பது ஆர்பிஎஃப். 10.20.0.10-க்குத் திரும்பிப் போக எந்த வழியை ரூட்டர் நம்புகிறதோ, ஸ்ட்ரீமும் அந்த வழியாகத்தான் வர வேண்டும். வேறு வாசலில் வந்தால் கேள்வி கேட்காமல் கீழே போட்டுவிடும். 'ஷோ ஐபி ஆர்பிஎஃப்' என்று அடித்து, பின்னால் ஹெட்எண்ட் முகவரியைக் கொடுங்கள். எந்த இன்டர்ஃபேஸ், எந்த நெய்பர் என்று சொல்லும். 'ஷோ ஐபி எம்ரூட் கவுண்ட்'டில் ஆர்பிஎஃப் ஃபெயில் எண் ஏறிக்கொண்டே இருந்தால் சந்தேகமே இல்லை.

ஒரு ரிசார்ட்டில் கீழ்ப் பிளாக் மட்டும் இரண்டு நாள் இருண்டு கிடந்தது. இன்டர்நெட் ஓடுகிறது, பிங் போகிறது, கேமரா வலைப்பக்கம் திறக்கிறது. ஃபைபர் அறுந்தபோது யாரோ ஹெட்எண்ட் பக்கத்து முகவரிகளுக்கு ரேடியோ வழியாக ஸ்டாட்டிக் ரூட் (கையால் எழுதும் வழி) போட்டிருக்கிறார்கள். ஃபைபர் ஒட்டிய பிறகு அதை எடுக்கவில்லை. பிம் இருந்தது ஃபைபரில் மட்டும். ரூட்டர் ரேடியோ பக்கம் பார்த்து நிற்கிறது, அங்கே பிம் பேச ஆளே இல்லை. அந்த ஒரு வரியை எடுத்ததும் படம் வந்துவிட்டது. அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம்: சாதாரணப் பாக்கெட் போக வாய்ப்புள்ள எல்லா உள் இணைப்பிலும், அது உதவி இணைப்பாக இருந்தாலும், இரண்டு முனையிலும் பிம் போட்டுவிடுவேன். ரேடியோவில் அத்தனை சேனலும் தாங்காது என்று வேண்டுமென்றே பிம் விடாமல் இருந்தால், ஹெட்எண்டுக்கு மட்டும் ஃபைபர் வழியைக் காட்டும் ஸ்டாட்டிக் எம்ரூட் (ஆர்பிஎஃப் சோதனைக்கு மட்டும் கையால் எழுதும் வழி) எழுதுங்கள். ஃபைபர் அறுந்தால் டிவி போகும், இன்டர்நெட் இருக்கும். அதை விடுதி மேலாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

பிம் இல்லாமல் மைக்ரோடிக்கில் ஐஜிஎம்பி ப்ராக்ஸி (டிவிகள் கேட்பதை மேல் பக்கம் எடுத்துச் சொல்லும் வசதி) ஓட்டுபவர்களுக்குத் தனியாக ஒன்று. மேல் பக்க இன்டர்ஃபேஸில், நேரடியாக ஒட்டிய சப்நெட்டிலிருந்து வரும் ஸ்ட்ரீமை மட்டும்தான் அது ஏற்கும். ஹெட்எண்ட் அதற்கும் அப்பால் இருந்தால், அந்த சப்நெட்டை ஆல்டர்நேட்டிவ் சப்நெட் இடத்தில் எழுத வேண்டும். இது தெரியாமல் பெட்டியையே மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

அறிகுறி 3: நன்றாக ஓடி, நான்கு நிமிடத்தில் நிற்கிறது. சேனல் மாற்றித் திரும்பினால் மறுபடி நான்கு நிமிடம்

ஐப்பசி மழையை மேலே துலா வர்ஷம் என்பார்கள். மத்தியானத்துக்கு மேல் இடி ஆரம்பித்தால் ஏதாவது ஒரு பெட்டியைக் கொண்டுபோகாமல் விடாது. அப்படி ஒரு விடுதியில் ரூட்டர் போய், அவசரத்துக்கு வேறு ஒன்று வைத்தார்கள். மறுநாள் டிவி நிற்கிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். போனேன், சுவிட்சை ரீபூட் செய்தேன், எல்லா அறையிலும் படம் வந்தது, இறங்கிவிட்டேன். லோயர் கேம்ப் வருவதற்குள் போன். "அண்ணே, மறுபடி நின்னுருச்சு." திரும்ப ஏறினேன். அன்றைக்கு மூன்று முறை அந்த மலைப்பாதையில் போய்வந்தேன். மூன்றாவது முறைதான் கடிகாரத்தை வைத்துக்கொண்டு டிவி முன் உட்கார்ந்தேன். 4 நிமிடம் 20 நொடி. அந்த எண்தான் விடை.

ஸ்னூப்பிங் ஓடும் சுவிட்ச், எந்தப் போர்ட்டில் யார் எந்தச் சேனல் கேட்டார் என்று குறித்துவைக்கும். அந்தக் குறிப்பை யாராவது புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். குவெரியர் என்ற ஒருவர் 125 நொடிக்கு ஒரு முறை "இன்னும் பார்க்கிறீர்களா" என்று கேட்பார், டிவிகள் "ஆமாம்" என்று சொல்லும். கேட்க ஆளே இல்லை என்றால் 260 நொடியில் குறிப்பு காலாவதி ஆகிவிடும், சுவிட்ச் படத்தை நிறுத்திவிடும். எரிந்துபோன பழைய ரூட்டர்தான் அங்கே குவெரியராக இருந்தது. புதிதாக வைத்ததில் அந்த வேலையைச் செய்ய யாரும் சொல்லவில்லை. (சில பெட்டிகளில் இடைவெளி வேறாக அமைந்திருக்கும், அங்கே நிற்கும் நேரமும் மாறும். ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில் நிற்கிறதா என்பதுதான் கவனிக்க வேண்டியது.)

சோதனை எளிது. 'ஷோ ஐபி ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் குவெரியர்' அடித்துப் பாருங்கள், அல்லது டிவி விலானில் வயர்ஷார்க்கை மூன்று நிமிடம் ஓடவிட்டு ஐஜிஎம்பி என்று வடிகட்டுங்கள்.

*குவெரி வரவே இல்லை என்றால்* அந்த விலானில் ரூட்டருக்குப் பிம் போட்டாலே அது குவெரியர் ஆகிவிடும். ரூட்டர் இல்லாத விலான் என்றால் நடுச் சுவிட்சில் குவெரியரை இயக்குங்கள். அந்த விலானில் சுவிட்சுக்கு ஒரு ஐபி முகவரியும் கொடுங்கள். முகவரி இல்லாத சில சுவிட்ச் குவெரி அனுப்பாது. சில சுவிட்ச் 0.0.0.0 என்ற முகவரியிலிருந்து அனுப்பும், அதைச் சில பாக்ஸ் மதிக்காது. மைக்ரோடிக் பிரிட்ஜில் ஸ்னூப்பிங்கும் குவெரியரும் இரண்டு தனித்தனி அமைப்பு. முதலாவதை மட்டும் இயக்கினால் இதே நான்கு நிமிட நோய்தான் வரும்.

*குவெரி வருகிறது, ஆனாலும் நிற்கிறது என்றால்* அது யாரிடமிருந்து வருகிறது என்று பாருங்கள். இரண்டு குவெரியர் இருந்தால் ஐபி எண் சிறியதுதான் ஜெயிக்கும். கடைக்கோடியில் இருக்கும் எட்டு போர்ட் சுவிட்ச் ஜெயித்திருந்தால் பதில்கள் எல்லாம் அந்தப் பக்கம் போகும். நடுச் சுவிட்சுக்குச் சிறிய எண் கொடுங்கள், மற்றவற்றில் குவெரியரை அணையுங்கள்.

ஸ்னூப்பிங்கையே அணைத்துவிட்டால் இந்தக் கோளாறு உடனே மறையும். பலர் அப்படித்தான் சரி செய்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அடுத்த வாரம் அறிகுறி 5 வந்து நிற்கும்.

இந்தக் கோளாறுக்கு வெளி ஆள் தேவைப்பட்டதே இல்லை. செலவும் இல்லை.

அறிகுறி 4: படம் ஒரு கணம் வந்து மறைகிறது

ஸ்ட்ரீம் முதலில் ஆர்பி வழியாக வந்து, பிறகு குறுக்கு வழிக்கு மாறுகிறது. அந்தக் குறுக்கு வழியில் எங்கோ பிம் இல்லை, அல்லது ஆர்பிஎஃப் ஒத்துவரவில்லை. டிவி பக்கத்து ரூட்டரில் எஸ்பிடி த்ரெஷோல்டை இன்ஃபினிட்டி என்று, அதாவது குறுக்கு வழிக்கு மாறவே வேண்டாம் என்று வைத்துப் பாருங்கள். படம் நின்று ஓடினால் காரணம் உறுதி. அதோடு விட்டுவிடாமல் அறிகுறி 2-இல் சொன்ன ஆர்பிஎஃப் சோதனையைச் செய்து, பிம் விட்டுப்போன இன்டர்ஃபேஸைக் கண்டுபிடியுங்கள்.

அறிகுறி 5: டிவி ஓடுகிறது, மற்ற எல்லாம் இழுக்கிறது

வரவேற்பறை கணினியில் பில் போட ஐந்து நிமிடம் ஆகிறது, போன் குரல் உடைகிறது, சுவிட்சின் எல்லாப் போர்ட் விளக்கும் ஒரே வேகத்தில் துடிக்கிறது. ஸ்ட்ரீம் எல்லாப் போர்ட்டுக்கும் வழிந்து ஓடுகிறது என்று அர்த்தம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 60 சேனல், சேனலுக்கு 4 மெகாபிட் என்றால் 240 மெகாபிட். 100 மெகாபிட் போர்ட்டில் அதைத் தள்ளினால் வேறு எதற்கும் இடம் இருக்காது.

டிவி பார்க்காத ஒரு கணினியில் வயர்ஷார்க் போடுங்கள். கேட்காத சேனல்கள் அங்கே தெரிகின்றனவா?

*தெரிகின்றன என்றால்* அந்தச் சுவிட்சில் ஸ்னூப்பிங் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடுகிறது என்றால் யாரும் கேட்காத ஸ்ட்ரீமை என்ன செய்வது என்ற அமைப்பைப் பாருங்கள். வழியவிடாமல் தடுக்கும்படி வையுங்கள், ஆனால் குவெரியர் இருப்பதை உறுதி செய்த பிறகு. அடுத்தது முகவரி. ஐபி மல்டிகாஸ்ட் முகவரியின் கடைசி 23 பிட் மட்டும்தான், சுவிட்ச் பார்த்து அனுப்பும் மேக் முகவரிக்குள் போகிறது. அதனால் 32 ஐபி முகவரிகளுக்கு ஒரே மேக். 239.0.0.5-ஐச் சேனலுக்குக் கொடுத்தால் அது ரூட்டர்கள் பேசிக்கொள்ளும் 224.0.0.5-இன் மேக்கோடு ஒட்டிக்கொள்ளும். சுவிட்ச் அதை எல்லாப் பக்கமும் விடும். 239.0.0, 239.128.0 இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். 239.10.1 போல ஒன்றில் ஆரம்பித்து வரிசையாகக் கொடுங்கள்.

கடைசிக் காரணம்தான் காசு கேட்கும்: மாடிக்கு மாடி இருக்கும் மேனேஜ் வசதி இல்லாத சுவிட்ச். அதற்கு ஸ்னூப்பிங் தெரியாது, வந்ததை எல்லாம் எல்லோருக்கும் கொடுக்கும். அதில் டிவிகள் மட்டும் இருந்தால் சமாளிக்கலாம். கணினியும் போனும் சேர்ந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். ஒரே நாளில் எல்லாம் வேண்டாம். வரவேற்பறை இருக்கும் மாடியில் முதலில் மாற்றச் சொல்லுங்கள்.

*தெரியவில்லை, ஆனால் ரூட்டரின் சிபியு உச்சத்தில் என்றால்* டிடிஎல் 1-ஓடு வரும் ஸ்ட்ரீம் ஏதாவது ரூட்டரைத் தட்டிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் யாரோ புதிதாக வைத்த கேமரா. அதன் மல்டிகாஸ்ட்டை அணையுங்கள்.

அறிகுறி 6: படம் கட்டம் கட்டமாக உடைகிறது

பிங் அடித்துப் பார்த்து "லாஸ் இல்லை" என்று முடிவுக்கு வராதீர்கள். 8 மெகாபிட் ஸ்ட்ரீமில் நொடிக்கு 760 பாக்கெட் வரை போகிறது. பத்தாயிரத்தில் ஒன்று தொலைந்தாலே 13 நொடிக்கு ஒரு முறை படம் உடையும். நூறு பிங்கில் அது தெரியவே தெரியாது. தொலைந்ததைத் திரும்பக் கேட்கும் வழியும் இதில் இல்லை.

எல்லா அறையிலும் உடைகிறது என்றால் ஹெட்எண்டுக்கு வரும் சிக்னலே உடைந்திருக்கலாம். மழை நாளில் டிஷ்ஷை முதலில் பாருங்கள். ஒரு அறையில் மட்டும் என்றால் பேட்ச் கார்டு, பிறகு சுவர்ச் சாக்கெட். ஒரு பிளாக் முழுக்க என்றால் ஃபைபர் போர்ட்டில் சிஆர்சி எண் (சேதமாகி வந்த பாக்கெட்டுகளின் கணக்கு) ஏறுகிறதா என்று பாருங்கள். எண்ணை அழித்துவிட்டு, பத்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்; பழைய எண்ணைப் பார்த்துப் பயன் இல்லை. ஏறினால் ஃபைபர் முனையைத் துடையுங்கள். மலைப் பனியும் ஈரமும் முனையில் படிந்துவிடுகின்றன. துடைத்ததிலேயே சரியான இணைப்புகள் நிறைய. அதற்கும் சரியாகவில்லை என்றால் பவர் மீட்டரில் அளவு பார்த்து, எஸ்எஃப்பியின் (சுவிட்சில் ஃபைபரைச் செருகும் குட்டி மாட்யூல்) தாளில் உள்ள எல்லையோடு ஒப்பிடுங்கள். எல்லைக்குக் கீழே என்றால் ஃபைபர் ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷின் வைத்திருப்பவரை அழைக்கும் நேரம். இடி விழுந்த மறுநாள் என்றால் மீடியா கன்வெர்ட்டரை (ஃபைபரையும் தாமிர வயரையும் இணைக்கும் பெட்டி) மாற்றிப் பாருங்கள். முழுதாகச் சாகாமல் பாதி உயிரோடு இருந்து பாக்கெட்டைத் தின்னும் கன்வெர்ட்டர்களைப் பார்த்திருக்கிறேன்.

வைஃபையில் பார்க்கும் டிவி என்றால் காரணம் வேறு. வைஃபை மல்டிகாஸ்ட்டைக் குறைந்த வேகத்தில் அனுப்பும், போய்ச் சேர்ந்ததா என்றும் கேட்காது. ஆக்சஸ் பாயின்ட்டில் மல்டிகாஸ்ட்டை யூனிகாஸ்ட்டாக (ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்புவது) மாற்றும் வசதி இருந்தால் இயக்குங்கள். இல்லாவிட்டால் அந்த அறைக்கு ஒரு வயர் இழுப்பதுதான் நிரந்தர வழி.

அறிகுறி 7: ஒரு அறையில் சேனல் மாற்றினால் அடுத்த அறையில் நிற்கிறது

203-இலும் 204-இலும் ஒரே தமிழ்ச் சேனல் ஓடுகிறது. 203-இல் இருப்பவர் மலையாளச் சேனலுக்கு மாறியதும் 204-இல் படம் உறைந்துவிடுகிறது. ஃபாஸ்ட் லீவ் இயக்கியிருக்கிறார்கள், அந்தப் போர்ட்டுக்குப் பின்னால் ஒரு குட்டிச் சுவிட்சில் இரண்டு டிவி இருக்கிறது. ஒருவர் போகிறேன் என்றதும், இன்னொருவர் இருக்கிறாரா என்று கேட்காமலே சுவிட்ச் கதவை அடைத்துவிடுகிறது. அந்தப் போர்ட்டில் மட்டும் ஃபாஸ்ட் லீவை அணையுங்கள். ஒரு போர்ட்டுக்கு ஒரே டிவி உள்ள இடங்களில் அது இருக்கட்டும். சேனல் மாற்றுவது வேகமாக இருக்கும்.

அறிகுறி 8: வேறு படம் கலந்து வருகிறது

கேமராக்களில் அதிகம். ஒரே கம்பெனியின் கேமராக்கள் ஒரே மல்டிகாஸ்ட் முகவரியோடு பெட்டியிலிருந்து வருவது உண்டு. பத்தையும் அப்படியே மாட்டினால், வாசலும் சமையலறையும் மாறி மாறித் துடிக்கும். கேமராவுக்கு ஒரு முகவரி என்று பிரித்துக் கொடுங்கள். போர்ட் எண்ணை மட்டும் மாற்றினால் போதாது. சுவிட்ச் பார்ப்பது முகவரியைத்தான். 239.255.255.250-ஐ யாருக்கும் கொடுக்காதீர்கள், டிவியும் கணினியும் ஒன்றையொன்று தேட அதைத்தான் பயன்படுத்துகின்றன.

ஒரே படம் இரட்டையாக வந்து உடைகிறது என்றால், ஒரே விலானில் இரண்டு ரூட்டர் அனுப்புகின்றனவா என்று பாருங்கள். இரண்டும் ஒன்றையொன்று பிம் நெய்பராகப் பார்த்தால் தங்களுக்குள் பேசி ஒன்று ஒதுங்கிவிடும். பார்க்காவிட்டால் இரண்டும் அனுப்பும்.

அறிகுறி 9: மேலே நன்றாக ஓடுகிறது, கீழே கம்பம் அலுவலகத்தில் வரவில்லை

முதலாளி கம்பத்தில் இருப்பார், விடுதி குமுளியில் இருக்கும், கேமராவைக் கீழிருந்தே பார்க்க வேண்டும் என்பார். நாம் வாங்கும் சாதாரண இன்டர்நெட் இணைப்பு மல்டிகாஸ்ட்டைக் கடத்தாது. இணைப்புக் கொடுத்தவரிடம் சண்டை போட்டுப் பயன் இல்லை. இரண்டு இடங்களை இன்டர்நெட் வழியே பூட்டி இணைக்கும் சாதாரண ஐபிசெக் டனலும் கடத்தாது. இரண்டு பக்கமும், மல்டிகாஸ்ட்டையும் சுமக்கும் ஜிஆர்இ டனல் போட்டு, பாதுகாப்புக்கு அதன் மேல் ஐபிசெக் வைத்து, டனலில் பிம் இயக்க வேண்டும். ஹெட்எண்டுக்கோ கேமராவுக்கோ போகும் ரூட்டும் டனல் வழியாகவே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி ஆர்பிஎஃப்.

ஆனால் பார்ப்பவர் ஒருவர்தான் என்றால் இவ்வளவும் எதற்கு? கேமராவிலிருந்து யூனிகாஸ்ட்டாகவே எடுத்துக் கொடுங்கள். நான் முதலில் இதைத்தான் சொல்வேன். கீழே பத்து இருபது பேர் ஒரே நேரத்தில் பார்த்தால்தான் டனலுக்கு அர்த்தம் இருக்கிறது.

வெளி ஆளை எப்போது அழைப்பது

ஃபைபர் அளவு எல்லைக்குக் கீழே போனால், ஹெட்எண்ட் அருகிலேயே படம் இல்லை என்றால், ஒவ்வொரு இடிக்கும் பெட்டி போனால். கடைசியில் சொன்னதற்கு நெட்வொர்க் ஆள் வேண்டாம், எர்த்திங் பார்க்கத் தெரிந்த எலக்ட்ரீஷியன் வேண்டும். கட்டிடங்களுக்கு நடுவே தாமிர வயர் ஓடினால் அதை ஃபைபராக மாற்றுவதும் அதோடு சேர வேண்டும். ரூட்டிங் பக்கத்தில், மூன்று ரூட்டருக்கு மேல் இருந்து, ஆர்பியும் ஆர்பிஎஃப்பும் சரியாக இருந்தும் எஸ் ஜி வரி வந்து வந்து அழிகிறது என்றால், அனுபவம் உள்ள நெட்வொர்க் இன்ஜினியரை அழையுங்கள். அங்கே ஊகத்தில் ஒரு வரி மாற்றினாலும் மொத்த விடுதியும் இருண்டுவிடும்.

அழைக்கும்போது வெறுங்கையோடு நிற்காதீர்கள். சேனல் முகவரித் தாள், ஒவ்வொரு ரூட்டரின் கான்ஃபிக், கோளாறு நடக்கும்போதே எடுத்த எம்ரூட், பிம் நெய்பர், ஐஜிஎம்பி குரூப்ஸ் வெளியீடுகள், டிவி பக்கத்திலும் ஹெட்எண்ட் பக்கத்திலும் ஐந்து நிமிட வயர்ஷார்க் பதிவு. படம் நிற்க எத்தனை நிமிடம், எத்தனை நொடி ஆகிறது என்பதையும் எழுதிக் கொடுங்கள். இவ்வளவும் கையில் இருந்தால், வருபவர் மலை ஏறாமலே போனில் சொல்லி முடித்துவிடவும் கூடும்.